இழை ஓடுகிற கல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் அத்தான் ஒரு டைனோசரின் வாலைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார்.

சிரிக்காதீர்கள். அவருக்கு அது தொழில் பழக்கம். என் அக்காவின் கணவர். தி.நகரில் முப்பது வருடமாகப் பட்டுப்புடவைக் கடை வைத்திருப்பவர். எதையும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொண்டுவந்து ஒரு தேய் தேய்த்தால்தான் அவருக்குத் திருப்தி. ஹோட்டலில் மேஜை விரிப்பு, டாக்டர் ரூமில் திரைச்சீலை, என் சட்டைக் காலர்... எதையும் விட்டதில்லை. கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரரின் அங்கவஸ்திரத்தை அவருக்கே தெரியாமல் தடவிவிட்டு, "பாதி பாலியஸ்டர் மாப்ள" என்று என் காதில் சொல்வார். இத்தனை வருடமாக நான் இதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன்.

அந்த விரல்களுக்கு டைனோசர் எம்மாத்திரம்?

"ஃபைபர்" என்றார் அத்தான். விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினார். "உள்ள ஒண்ணுமில்ல மாப்ள. டொக்கு டொக்குங்குது."

அந்த டைனோசரை நம்பித்தானே நான் அவரை அங்கே கூட்டிக்கொண்டு போயிருந்தேன்!

விஷயம் இதுதான். அத்தானுக்கும் அக்காவுக்கும் ஒரே பெண், பிரியா. பிளஸ் டூ முடித்துவிட்டாள். ஒரு காலேஜில் பி.காம். சீட் கிடைத்துவிட்டது. இன்னொரு காலேஜில் ஜியாலஜி — பாறையும் மண்ணும் படிக்கிற படிப்பு. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரியாவுக்குக் கல் என்றால் உயிர். எட்டு வயதிலிருந்து பொறுக்குகிறாள். மாமல்லபுரம் போனால் நாமெல்லாம் சங்கு மாலை வாங்கி வருவோம். அவள் பை நிறையக் கூழாங்கல் கொண்டுவருவாள். அக்கா வீட்டு ஃபிரிட்ஜுக்கு மேலே பூ ஜாடி கிடையாது. கல்தான்.

அத்தானோ பி.காம். என்று முடிவு பண்ணிவிட்டார்.

தாய்மாமன் என்றால் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்கிற ஆள் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினேழு வயதில் அவன்தான் வக்கீலும் என்று இப்போது தெரிகிறது. "மாமா, நீங்க சொன்னா அப்பா கேப்பாரு" என்று பிரியா மந்தைவெளியில் என் வீட்டுக்கே வந்து நின்றாள். சொன்னேன். போனில் இரண்டு தடவை, நேரில் ஒரு தடவை.

"வெயில்ல கல்லு பொறுக்கவா மாப்ள புள்ளய வளத்தேன்?" என்றார். நான் ஏதோ பதில் சொன்னேன். அதற்கப்புறம், "கடைய யாரு பாத்துக்குவா?" என்று கேட்டார்.

திருச்செந்தூர் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்து, யாருடைய கடையிலோ புடவை மடித்துப் போட்டு, பிறகு சொந்தமாக ஒரு கடை திறந்த மனிதர். அந்தக் கேள்வி அவருக்கு நியாயமான கேள்வி. ஆனால் பிரியாவின் முகமும் கண்ணிலேயே நிற்கிறதே... என்ன செய்ய?

அப்போதுதான் இந்த மியூசியம் ஞாபகம் வந்தது. அடையாறு தாண்டி ஓரிடம். கூரை கிடையாது, சுவர் கிடையாது. மரங்களுக்கு நடுவே டைனோசர்கள், ஆதி மனிதர்கள், அந்தக் காலத்துக் கற்கள். இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கிருக்கிற வாட்ச்மேன் இப்போது எனக்கு வேண்டியவர். என்னால் அவருக்குத் தொந்தரவு வரக்கூடாது.

என் திட்டம் ரொம்ப எளிமை. மனிதனைப் பிரம்மாண்டமான ஒன்றின் முன்னால் நிறுத்தினால் வாய் திறந்துகொள்ளும். திறந்த வாய் மூடுவதற்குள் பிரியா விஷயத்தை உள்ளே போட்டுவிட வேண்டும்.

முகூர்த்த சீசன், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளில் அத்தான் கடையை விட்டு வெளியே வருவதே அதிசயம். "ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது" என்று சொல்லிவிட்டுத்தான் காரில் என் பக்கத்தில் ஏறினார். அக்காவும் பிரியாவும் பின்னால்.

உள்ளே நுழைந்ததும் வாய் திறந்தது. ஆனால் என்னுடைய வாய்.

நீளக் கழுத்துக்காரர் ஒருவர் தூங்குமூஞ்சி மரத்துக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. ஃபைபர் என்று தெரியும். தெரிந்தும் மூச்சு ஒரு நொடி நின்றது. இப்படி ஒன்று நிஜமாகவே, இதே வெயிலில், இதே பூமியில் இலை மென்றுகொண்டு நடந்ததா? மூன்று கொம்பு உள்ள இன்னொன்றின் வயிற்றடி நிழலில் ஓர் அம்மா பாய் விரித்துக் குழந்தைக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

நீளக் கழுத்தின் உச்சந்தலையில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது.

"மாமா, அந்தக் காக்கா இருக்குல்ல, அதுவும் டைனோசர் வம்சம்தான். பறவைங்க எல்லாமே" என்றாள் பிரியா.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. தினமும் மொட்டை மாடியில் சோறு வைத்துவிட்டு, "கா... கா..." என்று முன்னோரைக் கூப்பிடுகிறோம். அந்த முன்னோர், தன்னுடைய முன்னோர் தலைமேல் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருக்கிறார். இனிமேல் காக்காவுக்குச் சோறு வைக்கும்போது கொஞ்சம் கூடுதல் மரியாதையோடு வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அத எவன் பாத்தான்?" என்றார் அத்தான். அப்போதுதான் அந்த வால் வைபவம் நடந்தது.

உடனே விசில் சத்தம். காக்கிச் சட்டை வாட்ச்மேன் ஓடி வந்தார். "இன்னா சார், அத்தப் போயி புடிச்சினுகீற? போர்டு கீதே, தெர்ல?"

"கை வச்சாத்தானப்பா தெரியும்" என்றார் அத்தான்.

அடுத்தது ஒரு முழு எலும்புக்கூடு. வாட்ச்மேன் திரும்பிய நேரம் பார்த்து விலா எலும்பில் ஒரு தேய். "பிளாஸ்டர்."

"ஒரிஜினல் எலும்ப வெயில்ல, மழையில வைக்க மாட்டாங்கப்பா. அச்சு எடுத்துத்தான் வைப்பாங்க" என்றாள் பிரியா.

"அப்போ எல்லாமே டூப்ளிகேட்டு."



ஆதி மனிதர் பகுதியில் சிமென்ட் குடும்பம் ஒன்று நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அப்பாவின் கையில் கல் கோடரி. அந்த மாதிரிக் கோடரிகள் பல்லாவரத்திலும் கிடைத்திருக்கின்றன என்றாள் பிரியா. எந்தப் பல்லாவரம்? நான் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய மேஜை ஃபேன் வாங்கினேனே, அந்தப் பல்லாவரமா? அங்கே ஒருவன் உட்கார்ந்து கல்லைக் கல்லால் தட்டிக் கூர் தீட்டிக்கொண்டிருந்தானா? நான் அசந்துபோய் நின்றேன். அத்தான் வாட்சைப் பார்த்தார்.

"போதுமா மாப்ள? இந்தப் பொம்மயப் படிக்கத்தான் மூணு வருஷமா?"

அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டார். பிரியாவின் காதில் விழுந்தது. அவள் அப்பாவைத் திரும்பிப் பார்க்காமல், முகம் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனாள். அழப் போகிறாள் என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். வெட்கமாக இருந்தது. வீட்டிலேயே வைத்து ஒரு தடவை அப்பா வாயால் 'முடியாது' என்று கேட்டிருப்பாள். நான் அவளுக்குப் பிடித்த இடத்துக்கே கூட்டிவந்து அதைக் கேட்க வைத்துவிட்டேன்.

நாங்களும் பின்னாலேயே போனோம். குழாய்க்குப் பக்கத்தில் திண்டு மாதிரி நீளமாக ஒரு கல் கிடந்தது. சேறும் தூசியுமாக, கறுப்பாக. அதன் மேல் யாரோ டிபன் பை வைத்திருந்தார்கள். அத்தானின் செருப்புக்குள் ஏதோ கல் குத்தியது போல. பையை நகர்த்திவிட்டு உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி உதறினார். இடது கை கல்லின் மேல் இருந்தது.

கை சும்மா இருக்குமா? விரல்கள் தாமாகத் தேய்த்தன.

நின்றன.

மறுபடி தேய்த்தன. இந்தத் தடவை மெதுவாக. செருப்பை மாட்ட மறந்துவிட்டார். எழுந்து, வேட்டியை மடித்துக்கொண்டு கல்லுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்குவாக்கில் ஒரு தடவை விரலை ஓட்டினார். காஞ்சிபுரத்திலிருந்து புதிதாக ஒரு நெசவாளர் மூட்டை கொண்டுவந்தால் கடையில் அவர் இப்படித்தான் கண்ணை மூடுவார். கலர் ஏமாற்றும் என்பார்.

"மாப்ள, இங்க வா. இதத் தொடு."

தொட்டேன். "கல்லுதான் அத்தான்."

"கல்லுதான். ஆனா இதுல இழை ஓடுது." என் விரலைப் பிடித்து அவரே ஓட்டினார். "நீளத்துக்குப் போ... வழுக்கிட்டுப் போகுதா? இப்பக் குறுக்க வா. தட்டுதா? கல்லுல ஏதுப்பா பாவும் ஊடையும்?"

நிஜம்தான். நீளத்துக்கு வழவழவென்று போன விரல், குறுக்கே வரும்போது மெல்லிய மெல்லிய வரப்புகளில் தட்டித் தட்டி ஏறியது.

"ஏட்டி பிரியா! இங்க வா!"

அவள் ஈர முகத்தோடு, வேண்டா வெறுப்பாக வந்தாள். கையை வைத்தாள். அடுத்த நிமிடம் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, கல்லின் உடைந்த முனையில் அப்படியே கவிழ்த்தாள். உள்ளங்கையால் தேய்த்தாள். சேறு ஓடியது. உள்ளே இருந்து ஒரு நிறம் எழுந்து வந்தது. தேன் நிறம், இடையிடையே காப்பிப் பொடி நிறம். நெருக்கமாக, மயிரிழை மயிரிழையாகக் கோடுகள். ஓரிடத்தில் கோடுகள் எல்லாம் வளைந்து ஒரு கணுவைச் சுற்றிக்கொண்டு போயின.

"மரம்ப்பா" என்றாள். "இது மரம். கல்லாப் போன மரம்."

அங்கே கிளை முளைத்திருக்கிறது. அந்தக் கணுவில்.

"மரம் எப்படிட்டி கல்லாகும்?"

"ஆத்து மணலுக்குள்ள புதைஞ்சிரும்ப்பா. தண்ணியில கரைஞ்ச கல்லு உள்ள ஊறும். மரம் கொஞ்சம் கொஞ்சமாப் போகப் போக, அந்த எடத்துல கல்லு வந்து உக்காந்துக்கும். ஒரு இழை போனா ஒரு இழை. டிசைன் மட்டும் அப்படியே இருக்கும்."

"டிசைன் மாறாதா?"

"மாறாதுப்பா."

"எவ்வளவு வருஷமாச்சு?"

"திருவக்கரை கல்மரப் பூங்காவுல இதே மாதிரி கெடக்கு. அந்த மரம்னா ரெண்டு கோடி வருஷம் இருக்கும்."

அத்தான் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அக்கா ஒரு பக்கமாக வந்து, கோயிலில் தொடுகிற மாதிரி நுனி விரலால் தொட்டாள். நாலு பேரும் ஒரு குழாயடியில் உட்கார்ந்துகொண்டு ஒரு மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தோம். இந்த மரம் பச்சையாக நின்றபோது அதைப் பச்சை என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது. மரம் என்று சொல்லவும் கிடையாது. இதற்கு நிழல் இருந்திருக்கும். அந்தக் கணுவில் முளைத்த கிளையில் ஏதோ ஒரு பறவை உட்கார்ந்து மழை விடக் காத்திருந்திருக்கும். எல்லாம் போய், கடல் வந்து போய், ஆறு திசை மாறி, ஊர்கள் முளைத்து... அதன் இழை மட்டும் கலையாமல் எங்கள் அத்தானின் விரலுக்காகக் காத்திருந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"சார், அத்தயும் உடலியா நீ?" வாட்ச்மேன் வந்து நின்றார். "அது சும்மா கல்லு சார். மத்த கல்லோட லாரில வந்துச்சாம். எடம் இல்லன்னு இங்க எறக்கி உட்டாங்க. போர்டு வரல. நானே டெய்லி அது மேல குந்திக்கினுதான் துன்றேன்."

பிரியா விஷயத்தைச் சொன்னாள். ரெண்டு கோடி என்று கேட்டதும் அவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு நகர்த்தி வைத்திருந்த டிபன் பையைக் கல்லிலிருந்து எடுத்தார். அவருடைய பைதான் அது. தோளில் இருந்த துண்டை உருவி, கல்லை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் துடைத்தார்.

"நம்மளுக்குத் தெரியாதும்மா" என்றார் கல்லைப் பார்த்து. கல்லிடம்தான் சொன்னாரோ என்னவோ. பிறகு பிரியாவிடம், "நான் ஆபீஸ்ல சொல்றேன். அதுவரிக்கும் நீ ஒரு அட்டைல எழுதிக் குடு. போர்டு இருந்தாதான் நம்ம சனம் கேக்கும்" என்றார்.

எங்கிருந்தோ ஓர் அட்டைப்பெட்டி மூடியும் மார்க்கரும் கொண்டுவந்தார். பிரியா மண்டி போட்டு எழுதினாள். 'கல்மரம். வயது இரண்டு கோடி ஆண்டுகளாக இருக்கலாம். உட்கார வேண்டாம்.'

அத்தான் எட்டிப் பார்த்தார். "அதென்ன இருக்கலாம்? இப்பத்தான ரெண்டு கோடின்னு சொன்ன?"

"அது நம்மகிட்டப் பேசும்போது சொன்னதுப்பா. எழுதிப் போட்டா நாலு பேரு நம்புவாங்க. டெஸ்ட் பண்ணிப் பாக்காம உறுதியா எழுதக் கூடாது."

அத்தான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கடையில் வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் சொல்கிற பாடம் ஒன்று உண்டு. ஜரிகையைச் சோதித்துப் பார்க்காமல் 'பியூர்' என்று வாயைத் திறக்கக் கூடாது. அதை மீறிய ஒருவரை, சொந்தக்காரர் என்றும் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பியவர். அந்தப் பாடத்தை இந்தப் பெண்ணுக்கு அவர் சொல்லிக் கொடுத்ததில்லை. அவளைத்தான் அவர் கடைப்பக்கமே வர விட்டதில்லையே, படிப்பு கெடும் என்று.

"அப்பா" என்றாள் பிரியா எழுந்து. "இந்தப் பக்கமா நான் இதுக்கு முன்னாடி மூணு தடவ வந்திருக்கேன். இதுமேல உக்காந்து ஜூஸ் குடிச்சிருக்கேன். எனக்குத் தெரியலயே... நீங்க எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க?"

"கை சொல்லிச்சு."

அவள் அவர் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அந்த இரண்டு விரல் நுனிகளையும் தடவிப் பார்த்தாள். ஒரு பெண் தன் அப்பாவை அப்படி வியந்து பார்த்து நான் பார்த்ததில்லை. நான் அந்தப் பழக்கத்தை வைத்து எத்தனை ஜோக் அடித்திருக்கிறேன்! எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒரு மணி நேரம் என்று வந்தவர் மூன்று மணி நேரம் இருந்தார். கடையிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. முகூர்த்த சீசன் ஞாயிற்றுக்கிழமையில் கடை போனைக் கட் பண்ணினார். அங்கிருந்த ஒவ்வொரு கல்லாகத் தொட்டு, "இது என்னட்டி? இது?" என்று கேட்டுக்கொண்டே போனார். வாட்ச்மேன் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கூடவே வந்தார்.

திரும்பினோம். கோட்டூர்புரம் பாலம் தாண்டி நந்தனம் சிக்னலில் நின்றபோது அத்தான் வாயைத் திறந்தார்.

"ரெண்டு கோடி வருஷம்... நான் என்னடான்னா முப்பது வருஷத்தச் சொல்லிப் புள்ளய மெரட்டிட்டு இருந்திருக்கேன்."

பின் ஸீட்டிலிருந்து அக்கா கேட்டாள்: "அப்போ கடை?"

"நான் இருக்கேன்ல. பெறகு பாப்போம்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவ அதையே படிக்கட்டும்."

சிக்னல் பச்சை விழுந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அந்த ஒரு வரியைச் சொல்ல அந்த மனிதருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பிரியாவுக்கும் தெரிந்திருக்கிறது. பின்னாலிருந்து கை நீட்டி அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டவள், தி.நகர் வரும்வரை விடவில்லை.

நாமும் வருடா வருடம் பிள்ளைகளைப் பெரிய பெரிய விஷயங்களின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறோம். போர்டு இருக்கிறதைப் படித்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். போர்டு இல்லாத எத்தனை அதிசயத்தின் மேல் டிபன் பை வைத்திருக்கிறோமோ... அதில் கூடப் பிறந்தவளின் புருஷனும் சேர்த்தி.

திங்கட்கிழமை மத்தியானமே பிரியா ஜியாலஜிக்குச் சரி சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமை ஒரு வேலையாக அத்தான் கடைக்குப் போயிருந்தேன். பக்கத்துப் பாத்திரக்கடை அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். "என்ன அண்ணாச்சி, பொண்ணு காலேஜ் முடிச்சா கடைக்கு வந்துரும்லா?" என்று கேட்டார்.

அத்தான் ஒரு முந்தானையைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"இந்தக் கடைக்கு வரமாட்டா அண்ணாச்சி. ஆனா அவளுக்கும் இதே தொழில்தான். ஸ்டாக்குதான் கொஞ்சம் பழசு."